நித்திரவிளை பஸ்ஸில ஒறங்கிப் போறவனோட பத்து வருச ரிவியூ

மிக்சி வாங்குனா ஒரே வாரத்துல நல்லாருக்கு நல்லால்லன்னு எழுதிப் போட்டுருதோம், நான் பத்து வருசமா விடாம யூஸ் பண்ணுற ஒண்ணுக்கு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. விளையாட்டு பாக்குறதத்தான் சொல்லுதேன். கிரிக்கெட், பந்துகளின்னு நாங்க சொல்லுற ஃபுட்பால், கபடி, செஸ், டென்னிஸ்னு எது ஓடுனாலும் முன்னால போய் குத்த வச்சிருவேன். 2026 பொறந்த அன்னைக்கு சும்மா கெடந்து மொபைல்ல பணம் அனுப்பின கணக்க தள்ளித் தள்ளிப் பாத்தா, 2025-ல மட்டும் மூணு ஆப்புக்கு சேத்து 2,700 ரூவா போயிருக்கு. அது போட்டும். கணக்குல வராத ஒண்ணு இருக்கு, ஒறக்கம்.

வேல மார்த்தாண்டத்துல ஒரு பெயின்ட் கடையில, பில் போடுறது. வீடு தூத்தூர் பக்கம் கடக்கர. காலம்பற பஸ் ஏறினா நித்திரவிளை வரதுக்குள்ள கண்ணு சொருகிரும், கண்டக்டர் அண்ணனுக்கு பழகிப் போச்சு, "ஊர் பேரப் பாத்தே ஒறங்கிருவியா லே"ன்னு ஒரு நாள் கேட்டாரு. அதனால எனக்கு ஸ்டார் கணக்கெல்லாம் கெடையாது. ராத்திரி ஒரு மேட்சப் பாத்துட்டு மறுநாள் அந்த பஸ்ஸில தல கம்பியில முட்டும்போது, சவம் இதுக்கா முழிச்சிருந்தோம்னு எரிச்சல் வருதா, இல்ல முட்டினாலும் சிரிப்பு வருதா, அத வச்சுத்தான் பாசும் ஃபெயிலும்.

ஐபிஎல்லுக்குத்தான் நான் ரொம்ப ஒறக்கம் குடுத்திருக்கேன். 2023 ஃபைனல்லாம் சாவுற வரைக்கும் ஓர்மையில நிக்கும். மே 28 வச்சிருந்தாவ, மழ. மறுநாளைக்கு மாத்துனாவ. குஜராத் 214 அடிச்சுது, அதுல 96 நம்ம சாய் சுதர்சன், பயல் நம்ம ஊர்க்காரன்னு கைதட்டவா இல்ல எதிர் டீமுன்னு திட்டவான்னு தெரியாம முழிச்சோம். சென்னை எறங்கி மூணே பந்து, திரும்பவும் மழ. அம்மை வந்து "மக்கா, ஒறங்கலியா"ன்னு ரெண்டு மட்டம் கேட்டுட்டுப் போனா. பெறகு 15 ஓவருக்கு 171-ன்னு ஆக்குனாவ, கடசி ரெண்டு பந்துக்கு 10 வேணும், ஜடேஜா ஒரு சிக்ஸ் ஒரு ஃபோர், மணி ஒண்ணர ஆயிருக்கும். அன்னைக்கு பஸ்ஸில கம்பி முட்டினது கூட தெரியல.

அதே சென்னைதான் 2025-ல 14 மேட்சுல நாலு ஜெயிச்சு கடசி எடத்துல வந்து நின்னுச்சு. சேப்பாக்கத்துல 2008-க்கு அப்புறம் பெங்களூருகிட்ட தோக்காத டீம், அதுவும் தோத்தாச்சு. நான் தோத்ததுக்கு சொல்லல, தோக்காத டீமுண்டா. 180 அடிக்கணும்னா அதுக்கு ஏத்தாப்புல ஒரு அவசரம் வேண்டாமா, ரேஷன் கடை வரிசையில நிக்குறாப்புல ஒவ்வொருத்தரா வந்து நின்னுட்டுப் போனாவ. அந்த ரெண்டு மாசமும் பஸ்ஸில நல்ல எரிச்சல்.

இம்பாக்ட் ப்ளேயர் ரூல் 2023-ல வந்ததுல இருந்தே எனக்குப் பிடிக்கல. பதினோரு பேருக்குள்ள எவன் பேட்டிங், எவன் பவுலிங், எவன் ரெண்டும்னு கேப்டன் தல சொறியணும், அதுலதான ருசி. இப்ப பன்னெண்டாவதா ஒருத்தன் வந்து அடிச்சுட்டுப் போறான். 2024-ல ஹைதராபாத் 287 அடிச்சுது, பெங்களூரு திரும்ப 262 அடிச்சுது, அன்னைக்கு வாயப் பொளந்து பாத்தேன், ஆனா அதுல ஒரு ஷாட் சொல்லுன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. ஜடேஜாவோட அந்த ரெண்டு பந்த கண்ண மூடிட்டு சொல்லுவேன்.

2025 கப்பு 18 வருசம் காத்துக் கெடந்த பெங்களூருக்குப் போச்சு. எங்க ஊர்ல அந்த டீம் பயலுவ வெடி போட்டானுவ, நானும் கொண்டாடட்டும்னு விட்டேன். மறுநாள் பெங்களூருல கூட்ட நெரிசல்ல 11 பேரு செத்துப் போனாவ, அதோட அந்தக் கப்பப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கல.

வாற சீசனுக்கு சென்னைய நான் விடாம இருக்கதுக்கு ஒரே காரணம் சஞ்சு சாம்சன். ஜடேஜாவக் குடுத்துட்டு வாங்கியிருக்காவ, அது வலிக்கத்தான் செய்யுது, ஆனா சஞ்சு புல்லுவிளைக்காரன், விழிஞ்ஞத்துக்கு அடுத்தாப்புல, எங்க கடக்கரையில இருந்து பைக்க எடுத்தா ஒரு மணிக்கூர் கூட ஆவாது. அதே வள்ளம், அதே வலை, அதே உப்புக்காத்து. அவனோட அப்பா பந்துகளிக்காரரு, டெல்லிக்கு சந்தோஷ் டிராபி ஆடின ஆளு. பிப்ரவரி 7 தொடங்குற டி20 உலகக் கோப்பை டீமுலயும் பேரு வந்தாச்சு, கில்ல விட்டுட்டு இவன எடுத்திருக்காவ, அன்னைக்கு எங்க சாயாக் கடையில கிரிக்கெட்டே பாக்காத ஆளுவ கூட "நம்ம பய"ன்னு பேசுனாவ. கிரிக்கெட்டே பாக்காத ஆளுவன்னு சொன்னது சும்மா இல்ல, எங்க கடக்கரையில கிரிக்கெட்டு ரெண்டாம் பட்சம்தான். எங்களுக்கு பந்துன்னா கால் பந்துதான்.

இதத்தான் கொஞ்சம் நீட்டி சொல்லணும். நீரோடி தொடங்கி தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைன்னு இந்தக் கரையில நடக்கத் தெரிஞ்ச பய எல்லாம் பந்து தட்டுவான், மணல்ல ஓடி ஓடி கெண்டக்கால் கல்லு மாதிரி இருக்கும். கோயில் திருவிழான்னா டீமுக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ் டோர்னமென்ட் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர்ல இருந்து டீம் வரும், அவனுவளும் லேசுப்பட்ட ஆளுவ இல்ல, ராத்திரி லைட்டு போட்டு ஆடுனா சுத்திலும் மதிலு மேல, தெங்கு மேல, வள்ளத்து மேலன்னு ஆளு. டிக்கட்டு இல்ல, ஆப்பு இல்ல, விளம்பரம் இல்ல. ரெஃபரிய மட்டும் காப்பாத்தி வீட்டுல கொண்டு விடணும்.

2022 உலகக் கோப்பை மாதிரி ஒரு டோர்னமென்ட் எனக்கு இனி கெடைக்குமான்னு தெரியல. கத்தார்ல நடந்ததால நம்ம டைமுக்கு சாயங்காலமும் ராத்திரியுமா வந்துச்சு, ஃபைனல் எட்டரைக்கு தொடங்குச்சு, மொபைல்ல காசில்லாம காட்டுனாவ, ஒறக்கத்துக்கு அவ்வளவு கேடு இல்ல. மொத மேட்சுல சவுதிகிட்ட அர்ஜென்டினா 2-1 தோத்த அன்னைக்கு பிரேசில் பயலுவ எங்க தெருவுல ஊர்வலம் போனானுவ. குரோஷியாகிட்ட பெனால்டியில பிரேசில் போன அன்னைக்கு அதே ரூட்டுல நாங்க போனோம். ஃபைனல் கிளப்புல புரஜெக்டர் வச்சுப் பாத்தோம். 2-0-ன்னு நிம்மதியா இருக்கும்போது எம்பாப்பே ரெண்டு நிமிசத்துக்குள்ள ரெண்டு கோல், பெறகு மெஸ்ஸி, திரும்ப எம்பாப்பே, கடசி நேரத்துல கோலோ முவானி அடிச்சத மார்ட்டினஸ் கால நீட்டித் தடுத்தாரு பாருங்க, என் பக்கத்துல இருந்த மாமா ஒருத்தரு செபமாலைய எடுத்துட்டாரு. எங்க அண்ணன் அன்னைக்கு ஆழ்கடல்ல. கொச்சியில இருந்து போட்டு ஏறினா 40 நாள் தங்கல். அர்ஜென்டினா ஜெயிச்சது அவனுக்கு நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் வேற போட்டுக்காரன் வயர்லெஸ்ல சொல்லித் தெரிஞ்சுது, அதுலயும் ஸ்கோர தப்பா சொல்லிட்டான், கரைக்கு வந்து ஒரு வாரம் அண்ணன் அத்தன கோலையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தான்.

மொபைல்ல லைவ் பாக்குறதுல உள்ள பெரிய கொற இங்கதான் சொல்லணும். ஆப்புல படம் அரை நிமிசம் பிந்தித்தான் வரும், சில நாள் அதுக்கும் மேல. அடுத்த வீட்டுல கேபிள். நம்ம ஸ்கிரீன்ல கார்னர் அடிக்க பந்த வைக்கும்போதே அங்க "ஹோ"ன்னு சத்தம் கேக்கும், பெறகு என்னத்தப் பாக்க. ஒரு ஆப்புல வருச பிளான் போட்டு மூணாவது மாசம் நான் பாக்குற லீக்க வேற ஆப்புக்கு குடுத்துட்டாவ, கஸ்டமர் கேர்ல கேட்டா வேற நல்ல நிகழ்ச்சிகள் இருக்கு பாருங்கன்னு பதில் வருது. நான் என்ன, சீரியல் பாக்கவா காசு கட்டுனேன். இப்ப நாங்க நாலு பேரு சேந்து ஆளுக்கு ஒண்ணா எடுத்து, எவன் வீட்டுல எது ஓடுதோ அங்க போயிருதோம்.

கிளப் ஃபுட்பால்ல நான் மான்செஸ்டர் யுனைடெட். சிரிக்காதீங்க. 2024-25 சீசன்ல 15-வது எடம். அந்த வருசம் யூரோப்பா லீக் ஃபைனல்ல எதிர்ல வந்த டாட்டனம் 17-வது எடம், வகுப்புல கடசி பெஞ்சுக்காரனுவ ரெண்டு பேரும் மொத பரிசுக்கு அடிச்சுக்கிட்ட கத, அதுக்காக ராத்திரி பன்னெண்டரைக்கு முழிச்சிருந்து 1-0-ன்னு தோத்துட்டு ஒறங்கப் போனேன். இந்தப் பத்து வருசத்துல ரொம்ப எரிச்சலான பஸ் பயணம் மறுநாள்தான்.

சாம்பியன்ஸ் லீக்க 36 டீமா மாத்துனப்ப நான் கொற சொன்னவன்தான், எல்லாத்தையும் பெருசாக்கி நாசமாக்குறானுவன்னு. இப்ப மாத்திச் சொல்லுதேன், அந்தக் கடசி ரவுண்டு 18 மேட்சும் ஒரே நேரத்துல ஓடுறது கொள்ளாம், ஒரு எடத்துல கோல் விழுந்தா இன்னொரு ஊர்ல ஒருத்தன் வெளிய போறான். ஆனா ராத்திரி ஒண்ணரைக்கு. பிஎஸ்ஜி ஃபைனல்ல இன்டர 5-0 அடிச்சதெல்லாம் ஃபைனலே இல்ல, பாதியிலயே நான் கண்ணசந்துட்டேன்.

நம்ம நாட்டு ஃபுட்பால்னு வந்தா எழுதவே கை வரமாட்டேங்குது. ஐஎஸ்எல் 2014-ல தொடங்குனப்ப எங்க ஊரு ரெண்டா பிரிஞ்சுது, பாதி சென்னையின், பாதி கேரளா பிளாஸ்டர்ஸ். சென்னை ரெண்டு மட்டம் கப்படிச்சுது, பிளாஸ்டர்ஸ் மூணு ஃபைனல் தோத்துது, நல்ல பகையா போய்ட்டிருந்துச்சு. அதுக்கு மேல இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல்லுல ஆடுறாருன்னா வீட்டுல பெண்டுகள் கூட டிவி முன்னால வந்துரும். லெஃப்ட்ல பந்த வாங்கி உள்ள வெட்டி வாற அந்த ஓட்டம், அது மணல்ல படிச்சது, கோச்சிங்ல வராது. 2020-ல கொல்கத்தா டீம் ஏடிகே கூட கப்படிச்சாரு. அதே வருசம் நவம்பர்ல அடுத்த சீசன் மொத மேட்சு, பிளாஸ்டர்ஸ் கூட, அவரு கால் முட்டு போயிருச்சு. சீசன் முழுக்க இல்ல. அந்த ராத்திரி எங்க தெருவுல பிளாஸ்டர்ஸ் பயலுவ கூட ஜெயிச்சத விட்டாலும் அந்த முட்டப் பத்தித்தான் பேசிட்டிருந்தானுவன்னு எழுத வந்தேன், ஆனா அன்னைக்கு ஜெயிச்சது அவனுவ இல்ல, சூசைராஜோட ஏடிகே மோகன் பகான்தான். ஜெயிச்சும் எங்களுக்கு சந்தோசமில்ல, அதான் விசயம்.

இப்ப பாருங்க, 2025-26 சீசன் செப்டம்பர்ல வழக்கமா தொடங்க வேண்டியது, ஒப்பந்தத் தகராறுல 2025 முடிஞ்சும் ஒரு பந்து உருளாம கெடந்துச்சு. அதுக்கு நடுவுல நவம்பர்ல டாக்காவுல இந்தியா பங்களாதேஷ்கிட்ட 1-0. 22 வருசத்துல மொத மட்டம் அவனுவகிட்ட தோல்வி. அப்ப ரேங்கு 142. ரிட்டயர் ஆன பழைய கேப்டன் சேத்ரியவே 40 வயசுல திரும்பக் கூட்டிட்டு வந்தாவன்னா மத்ததெல்லாம் யோசிச்சுக்கிடுங்க. அதே மாசம் குராசாவோன்னு ஒரு தீவு உலகக் கோப்பைக்கு தேர்வாவுது, ஆளு மொத்தமே ஒன்றரை லட்சம் கிட்ட. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல 2011 கணக்குப்படியே 18 லட்சத்துக்கு மேல. அவனுவ டீமுல பெரும்பாலும் நெதர்லாந்துல பெறந்து வளந்த பயலுவதான், அது எனக்கும் தெரியும், ஆனாலும் வயிறு எரியத்தான் செய்யும்.

பெறகு மெஸ்ஸி. நவம்பர்ல அர்ஜென்டினா கொச்சிக்கு வருதுன்னு சொன்னாவ, லீவு சொல்லி வச்சாச்சு, அது நடக்கல. டிசம்பர்ல மெஸ்ஸி மட்டும் வந்தாரு, கொல்கத்தா, ஹைதராபாத், மும்பை, டெல்லி. கொல்கத்தாவுல ஆளு முகத்தயே பாக்க முடியலன்னு ஜனங்க சேர உடச்சு எறிஞ்சாவ. காசு கட்டிப் போய் அமைச்சர்மாரு முதுகப் பாத்துட்டு வாறதுக்கு எங்க செவன்ஸ் மேல்.

நேர்ல போய்ப் பாத்ததுல மூணு சொல்லுதேன். 2023 ஜனவரியில காரியவட்டம் கிரீன்ஃபீல்டுல இந்தியா இலங்கை ஒன்டே. கோலி 166 நாட்டவுட், இலங்கை 73-க்கு ஆல்அவுட், 317 ரன்னு வித்தியாசம். இவ்வளவு நடந்தும் ஸ்டேடியத்துல பாதிக்கு மேல சீட்டு காலி, கோலி சிக்ஸ் அடிச்சா கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்ச பெறகு கைதட்டுனாப்புல சத்தம். ஒன்டே கிரிக்கெட்டுக்கு வயசாயிருச்சுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தோணிச்சு.

அதே ஸ்டேடியத்துக்கு 2025 டிசம்பர் 28-ம் தேதி ஞாயிற்றுக்கெழம அக்கா மகள கூட்டிட்டுப் போனேன், நம்ம பெண்கள் டீமும் இலங்கையும். ஸ்மிருதியும் ஷஃபாலியும் தொடக்கத்துலயே போட்டு வெளுத்து 221. அவளுக்கு 11 வயசு, திரும்பி வரும்போது களியிக்காவிளை வரைக்கும் பஸ்ஸில ஒறங்காம பேசிட்டே வந்தா. இந்தப் பைத்தியம் எல்லாம் நவம்பர் 2, பெண்கள் ஒன்டே உலகக் கோப்பை ஃபைனல்ல இருந்து. அதுக்கு முந்தி செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியாகிட்ட ஜெயிக்க வேண்டிய 339-அ ஜெமிமா 127 அடிச்சு எடுத்தாங்கல்லா, முடிஞ்சதும் அழுதுட்டே பைபிள் வசனத்த சொல்லிச் சொல்லித்தான் கடசியில நின்னேன்னு சொன்னாங்க, அத எங்க அம்மை பாத்துட்டா. அவ்வளவுதான். ஃபைனலுக்கு அம்மை சாயங்காலமே மீன்கறிய வச்சு எறக்கிட்டு முன்னால வந்து இருந்துட்டா, மழயில பிந்தித் தொடங்கி நடுராத்திரி முடிஞ்சுது, தீப்தி அஞ்சு விக்கெட், தென்னாப்பிரிக்கா 52 ரன்னுல தோல்வி. "ஒறங்கலியா"ன்னு அன்னைக்கு நான் அம்மைகிட்ட கேட்டேன்.

மூணாவது ஹாக்கி. டிசம்பர்ல ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு, குழித்துறையில ரயில் ஏறி மதுரைக்குப் போய் இந்தியா சுவிட்சர்லாந்து பாத்தேன், 5-0. டிவியில ஹாக்கிப் பந்து கண்ணுக்கே தெரியாது, நேர்ல அந்த பெனால்டி கார்னர் பலகையில "டப்"புன்னு அடிக்குற சத்தம் இருக்கே, நெஞ்சுல கேக்கும். கடசியில நம்ம பயலுவ அர்ஜென்டினாவ 4-2 அடிச்சு வெண்கலம். எங்க ஊர்ல இது நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

மத்ததெல்லாம் வேகமா. புரோ கபடி ஒறக்கத்துக்கு நல்லது, எட்டு மணிக்கு தொடங்குனா பத்துக்குள்ள முடிஞ்சிரும், தமிழ் தலைவாஸ்தான் 2017-ல இருந்து ஒரே ஒரு மட்டம் செமிக்குப் போய் நம்மள நோகடிக்குது, 2025 சீசனும் கேப்டன் பாதியிலயே இல்லாம கெடந்து தடுமாறுச்சு. செஸ் கடையிலயே பாக்கலாம், 2024 டிசம்பர் 12 குகேஷோட உலக சாம்பியன்ஷிப் கடசி கேம்ல எதிராளி டிங் யானைய தப்பா நகத்துனப்ப நான் ஒரு கஸ்டமருக்கு பத்து லிட்டர் எமல்சனுக்கு இருபது லிட்டர் பில் போட்டுட்டேன். டென்னிஸ்ல 2025 பிரெஞ்சு ஓபன் ஃபைனல், அல்கராஸ் தோல்விக்கு ஒரு பாயிண்ட் தூரத்துல மூணு மட்டம் தப்பிச்சு, அஞ்சர மணிக்கூர் ஆடி சின்னர ஜெயிச்சான், நடுராத்திரி ஆச்சு, ஒரு எரிச்சலும் இல்ல. ஆஸ்திரேலியா இங்கிலாந்து ஆடுற ஆஷஸ் டெஸ்ட் சிலது காலம்பற அஞ்சு மணிக்கு, கடக்கரையில எப்படியும் அந்நேரம் எந்திச்சிருவோம், ஆனா பெர்த்தும் மெல்போர்னும் ரெண்டு நாள்லயே முடிஞ்சுது, அஞ்சு நாளைக்கு சாயா போட்டு வச்சவன் என்ன செய்ய. எஃப் ஒன் நான் பாக்குறது வருசக் கடசி ரேஸ் மட்டும்தான், நோரிஸ் ரெண்டு பாயிண்ட்ல சாம்பியன் ஆனத பாத்துட்டேன், போரும்.

இனி 2026 ஜூன் 11 ஃபுட்பால் உலகக் கோப்பை. 48 டீம், 104 மேட்சு, அமெரிக்கா கனடா மெக்சிகோ. 48-லாம் அதிகப்படிதான், அர்ஜென்டினா குரூப்புல அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான்னு போட்டிருக்காவ, அதுல வெப்ராளப்பட என்ன இருக்கு. மேட்சு பெரும்பாலும் நமக்கு நடுராத்திரிக்கு மேல விடிய விடிய. ஆனா எங்க கரைக்கு ஒரு லாட்டரி அடிச்சிருக்கு, ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மேற்குக் கடல்ல தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில. 2022-ல வயர்லெஸ்ல தப்பு ஸ்கோர் கேட்ட எங்க அண்ணன் இந்த மட்டம் மொத வரிசையில. இப்பவே தகராறு தொடங்கியாச்சு, ஜூன்ல மழ கொட்டும், புரஜெக்டர கிளப்புக்கு உள்ள வைக்கவா கோயில் ஹாலுல கேக்கவா, பிரேசில்காரனுவ பிரிவுக் காசு குடுக்காம பாதி நாற்காலி கேக்கானுவ.

ஃபைனல் ஜூலை 20 திங்கக்கெழம நம்ம டைமுக்கு பன்னெண்டர மணிக்கு. நேத்து மொதலாளிகிட்ட அந்த ஒண்ணர மாசம் கொஞ்சம் பிந்தி வரட்டான்னு பைய கேட்டேன். அவரு ரொனால்டோ ஆளு. கண்ணாடிய கழத்தித் தொடச்சுட்டே சொன்னாரு, "பத்தர மணிக்கு வா லே, நானும் அப்பத்தான் வருவேன். போர்ச்சுகல் வெளிய போயிருச்சுன்னா மறுநாள்ல இருந்து எட்டு மணிக்கு கடை."